நாமூஸ் வந்த வழி: சுரியானி மொழியில் கிரேக்கத்தின் தடங்கள்

முதல் வஹியின் அதிர்வோடு ஹிராக் குகையிலிருந்து திரும்பிய அண்ணல் நபி (ஸல்) அவர்களை, அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் உறவினர் வரகா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துச் சென்ற நிகழ்வு ஸஹீஹுல் புகாரியின் தொடக்கப் பகுதியிலேயே இடம்பெற்றுள்ளது. முன்னை வேதங்களைக் கற்றறிந்த அம்முதியவர், நடந்ததைச் செவியுற்றதும், மூஸா (அலை) அவர்களிடம் வந்த அதே 'நாமூஸ்' இது என்று அடையாளம் கண்டார். இச்சொல்லுக்கு நம் விரிவுரையாளர்கள் மறைபொருளை அறிந்து காப்பவர் எனப் பொருள் கூறி, ஜிப்ரீல் (அலை) அவர்களையே அது சுட்டுவதாக விளக்கினர். மொழி வரலாற்றாய்வாளர்களோ சட்டம், நெறி என்னும் பொருளுடைய 'நோமோஸ்' என்ற கிரேக்கச் சொல்லை அதன் மூலமாகக் காட்டுவர். அச்சொல் சுரியானியில் 'நாமோஸா' என வழங்கிற்று. மூஸா (அலை) அவர்களின் நெறிநூலைக் குறிக்கவும் பயன்பட்டது. அவ்வழியே அது அரபியை அடைந்தது என்பது அவர்கள் கருத்து.

இவ்விரு விளக்கங்களுக்கிடையே தீர்ப்பு வழங்குவது இங்கு நம் நோக்கமன்று. ஏதென்ஸையோ அலெக்சாந்திரியாவையோ காணாத மக்கத்து முதியவர் ஒருவரின் நாவில் ஒரு கிரேக்கச் சொல் அந்நியம் சிறிதுமின்றி ஒலித்திருக்குமாயின், அதற்கு முன்பே அச்சொல்லை யாரோ தமதாக்கி வைத்திருக்க வேண்டும். அவ்வாறு தமதாக்கியவர்கள் சுரியானி பேசிய மக்கள். அவர்களைப் பற்றிய நூல்களில் நாம் அடிக்கடி எதிர்கொள்ளும் உவமை 'பாலம்' என்பது. கிரேக்க அறிவு அரபியரை எய்திய வரலாற்றை 1949இல் எழுதிய டி லேசி ஓலியரி முதல் இன்றைய பாடநூலாசிரியர்கள் வரை பலரும் அவ்வாறே எழுதினர். உவமை பொய்யன்று, ஆயின் குறையுடையது. தன்மேற் செல்லும் சரக்கினால் பாலம் மாறுவதில்லை. சுரியானியோ மாறியது, சொல்லில், இடைச்சொல்லில், தொடரமைப்பில், எழுத்தில்கூட மாறியது. அம்மாற்றம் அம்மொழியை வளர்த்ததா, வளைத்ததா என்பதே நாம் ஆராயப்புகும் வினா.

ஆட்சிமொழியின் நிழலில்

சுரியானி, அரமேய மொழியின் கிளைகளுள் ஒன்று. அதன் தாயகம் எடெஸ்ஸா நகரம். சுரியானியில் உர்ஹாய் என்றும் அரபியில் அர்-ருஹா என்றும் வழங்கிய அந்நகர் இன்று துருக்கியின் ஷான்லிஉர்ஃபா ஆகும். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாந்தரின் படைத்தலைவருள் ஒருவரான செலூக்கஸ் அதனைக் கிரேக்க நகராக நிறுவினார். கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ரோமானியக் குடியேற்ற நகரெனும் தகுதி பெற்றது. நமக்குக் கிடைத்துள்ள காலம் குறித்த சுரியானிக் கல்வெட்டுகளுள் பழையது கி.பி. 6ஆம் ஆண்டினது. அதிலேயே ஆண்டுக்கணக்கு செலூக்கியரின் சகாப்தத்தால் அமைந்துள்ளது. கி.மு. 312இல் தொடங்கும் அச்சகாப்தத்தைச் சுரியானி மக்கள் 'கிரேக்கரின் ஆண்டு' என்றே பன்னூறு ஆண்டுகள் எழுதிவந்தனர். காலத்தை எண்ணும் முறையே கிரேக்கர் வழியில் வந்ததெனில், அத்தொடர்பு எத்துணை ஆழமானது என்பதை உய்த்துணரலாம்.

ஃபுராத் நதிக்கரையின் தூரா யூரோப்பஸ் அகழ்வில் ஒரு தோலாவணம் கிடைத்தது. கி.பி. 243இல் எடெஸ்ஸாவில் ஓர் அடிமைப் பெண்ணை விற்றதற்கான பத்திரம் அது. சுரியானியில் எழுதப்பட்ட அப்பத்திரத்தின் முகப்பில் பேரரசரைக் குறிக்கும் 'அவ்தொக்ராத்தோர்' முதலான கிரேக்கச் சொற்களும், 'கொலோனியா' என்னும் நகர்த் தகுதிப் பெயரும் வரிசையாக நிற்கின்றன. பல்மைரா நகரத்தின் கி.பி. 137ஆம் ஆண்டுச் சுங்கவிதிக் கல்வெட்டிலும் நாம் மேலே கண்ட 'நாமோஸா' இடம்பெறுகிறது. அங்கு அதன் பொருள் வரிச் சட்டம்.

இச்சான்றுகள் ஒரு பழைய கருத்தைத் திருத்துகின்றன. கிறிஸ்தவ நூல்களை மொழிபெயர்க்கப் புகுந்த பின்னரே சுரியானியில் கிரேக்கம் கலந்தது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆரன் மைக்கேல் பட்ஸ் 2016இல் வெளியிட்ட நூலில் மொழிபெயர்ப்பல்லாத சுரியானி நூல்களையே எடுத்துக்கொண்டு, பேரரசுகளின் ஆட்சியில் இருமொழிச் சூழலில் வாழ்ந்த மக்களின் அன்றாட வழக்கே அம்மாற்றத்தின் விளைநிலம் என்று நிறுவியுள்ளார். நாம் இதனை ஏற்கிறோம். சமய நூல் மேசையைச் சேருமுன்பே கிரேக்கம் சுங்கச்சாவடியையும் பத்திர எழுத்தரின் கையையும் வந்தடைந்துவிட்டது.

வேருக்குள் புகுந்த சொல்

திருக்குர்ஆனில் பிறமொழிச் சொற்கள் உண்டா என்னும் விவாதம் நம் மரபில் மிகப் பழமையானது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இல்லையென்றே வலியுறுத்தினார்கள். ஹிஜ்ரி 224இல் மறைந்த அபூ உபைத் அல்-காஸிம் இப்னு ஸல்லாம் இருசாராரையும் இணைக்கும் ஒரு விடையளித்தார். அச்சொற்கள் தோற்றத்தால் பிறமொழியின. அரபியர் நாவில் திரிந்து அரபியான பின்னரே வேதத்தில் வந்தன. ஆகவே இரு கூற்றுகளும் மெய் என்பது அதன் சாரம். அல்-ஜவாலீக்கியின் 'அல்-முஅர்ரப்', இமாம் ஸுயூத்தியின் நூல்கள் ஆகியன இத்துறையில் எழுந்த பெருமுயற்சிகள். அபூ உபைதின் அளவுகோலை நாம் சுரியானிக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பது ஒரு வினா. வந்த இடத்தில் அது யாருடைய இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டது என்பது மற்றொன்று.

அரபியைப் போலவே சுரியானியும் மெய்யெழுத்து வேர்களால் இயங்கும் மொழி. கிரேக்கத்திலோ வேர்ச்சொல்லோடு முன்னொட்டும் பின்னொட்டும் கூடிச் சொல் நீளும். இவ்விரு அமைப்புகளும் பொருந்துவது எளிதன்று. ஆயினும் நிகழ்ந்ததைக் காண்போம். ஒழுங்கு என்னும் பொருளுடைய 'தக்சிஸ்' சுரியானியில் 'தக்ஸா' ஆயிற்று. அதிலிருந்து மூன்று மெய்கள் பிரித்தெடுக்கப்பட்டு, 'தக்கெஸ்' (ஒழுங்குபடுத்தினான்) என்ற வினை பிறந்தது. நுகத்தடியில் பூட்டிய இணையைக் குறிக்கும் 'ஜெவ்கோஸ்', 'ஜவ்கா' என நுழைந்து, 'ஜவ்வெக்' (இணைத்தான்) என வினையாயிற்று. குற்றஞ்சாட்டுதல் பற்றிய கிரேக்கச் சொல்லிலிருந்து நான்கு மெய்களுடைய 'கத்ரெக்' என்னும் வினை உருவாகியது. 'பிலோஸோபியா' வந்தபோது அதன் கிரேக்க ஈற்றை நீக்கிவிட்டு, பண்புப்பெயர் ஈறான 'ஊத்தா'வைச் சேர்த்துப் 'பீலோசோபூத்தா' என்றனர். இவை விருந்தினராக வந்த சொற்கள் அல்ல. வேரெடுத்து வினையாகி வழித்தோன்றல்களையும் பெற்றுக் குடும்பத்தோடு குடியமர்ந்தவை.

அரபியின் 'ஜவ்ஜ்' என்னும் சொல் இவ்வழியே வந்தது என்பர் ஆய்வாளர். 'ஜின்ஸ்' என்பதும் கிரேக்க 'கெனோஸ்', சுரியானி 'கென்ஸா' ஆகியவற்றின் வழிவந்ததே. நாள்தோறும் தொழுகையில் நாம் மொழியும் 'ஸிராத்' என்னும் சொல்லின் வரலாற்றில் இலத்தீனும் கிரேக்கமும் அரமேயமும் தொடராக நிற்பதாக அவர்கள் காட்டுவர். அபூ உபைதின் கூற்றை நினைவிற்கொண்டால் இதில் கலங்குவதற்கு ஏதுமில்லை.

ஒலிமாற்றத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. கிரேக்கத்தின் மூச்சொலியற்ற தகரத்துக்குச் சுரியானியர் மூச்சொலியுடைய தங்கள் 'தவ்' எழுத்தை இடாமல், அழுத்தமான 'தேத்' எழுத்தை இட்டனர். ககரத்துக்கு அவ்வாறே 'கோஃப்' எழுத்தை இட்டனர். எழுத்தைப் பார்த்துப் பெயர்க்காமல் ஒலியைக் கேட்டுப் பெயர்த்தனர் என்பதற்கு இது சான்று. அரபியில் ஸுக்ராத், புக்ராத், அஃப்லாத்தூன் என்னும் பெயர்களில் அழுத்தமான அதே எழுத்துகள் நிற்பதைக் காண்பவர், எந்தப் பள்ளியில் அப்பெயர்கள் உருப்பெற்றன என்பதை எளிதில் அறிவர்.

வாக்கியத்தின் மூட்டுகளில்

பெயர்ச்சொல்லைக் கடன்வாங்குதல் எம்மொழிக்கும் இயல்பு. இடைச்சொல்லைக் கடன்வாங்குதல் அரிது. ஏனெனில் அது வாக்கியத்தின் மூட்டுகளில் இருப்பது. சுரியானி அதனையும் செய்தது. காரணம் கூறும் கிரேக்க 'கார்', சுரியானியில் 'கெர்' ஆயிற்று. அதனினும் நுட்பமானது 'தேன்' என்னும் இடைச்சொல்லின் கதை. இது கிரேக்கமன்று, 'அப்போது' எனப் பொருள்பட்ட தூய அரமேயச் சொல்லின் திரிபு. எனினும் கிரேக்க 'தே'யோடு ஒலியிலும் பொருளிலும் நெருங்கியதால், 'ஆனால்', 'மேலும்' என்னும் பொருளேற்று, கிரேக்கத்தில் 'தே' நிற்குமாறே வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் நிற்கலாயிற்று. உடல் அரமேயம், நடை கிரேக்கம்.

மற்றொன்று, பெயரையும் பயனிலையையும் இணைக்கும் சொல். அரபியின் பெயர்வாக்கியத்தில் அத்தகைய இணைப்பு வேண்டுவதில்லை. தமிழிலும் 'அவர் ஆசிரியர்' என்றாலே வாக்கியம் நிறைவுறும். சுரியானியில் 'உண்டு' என்னும் பொருளுடைய 'ஈத்' என்ற சொல், கிரேக்க 'எஸ்தின்' போல எழுவாயையும் பயனிலையையும் இணைக்கும் பணியைப் பெருகப் பெருக ஏற்றது. இது சிறு செய்தியன்று. பின்னாளில் அல்-ஃபாராபி தம் 'கிதாபுல் ஹுரூஃப்' நூலில், கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் உள்ள அவ்விணைப்புச் சொல்லுக்கு நேரான சொல் அரபியில் இல்லாததையும், மொழிபெயர்ப்பாளர்கள் 'ஹுவ' என்றும் 'மவ்ஜூத்' என்றும் நிரப்ப முயன்றதையும் விரிவாக ஆராய்ந்தார். அரபி தர்க்கவியல் எதிர்கொண்ட அவ்விடரைச் சுரியானி முன்னரே தன் வழக்கினுள் தீர்த்து வைத்திருந்தது.

இங்கு ஒரு முரணையும் சுட்டவேண்டும். கி.பி. 373இல் மறைந்த பெருங்கவிஞர் எஃப்ரேம் கிரேக்க ஞானத்தை நஞ்சென வெறுத்தவர். அவருடைய பாடல்களிலோ கிரேக்கக் கடன்சொற்கள் பல உள்ளன. அவர் வெறுத்தது கிரேக்கரின் தத்துவத்தை. பயன்படுத்தியது தம் ஊரார் பேசிய மொழியை. அச்சொற்கள் கிரேக்கமென்ற உணர்வே அங்கு அற்றுப்போயிருந்தது. அபூ உபைத் கூறிய நிலை இதுவன்றோ?

கண்ணாடியான மொழி

இதுவரை கண்டது பேசுவோர் அறியாமலே நிகழ்ந்த மாற்றம். 5ஆம் நூற்றாண்டுக்குப் பின் அறிந்தே செய்த மாற்றம் தொடங்குகிறது. சமயக் கோட்பாட்டு விவாதங்கள் ஒற்றைச் சொல்லைச் சுற்றிச் சுழன்ற காலம் அது. எனவே மூலத்தின் ஒவ்வொரு சொல்லும் மொழிபெயர்ப்பில் தெரிய வேண்டுமெனக் கேட்கப்பட்டது. சுரியானியர் மனப்போக்கு பகைமையிலிருந்து தன்மயமாதலை நோக்கி நகர்ந்ததாக செபாஸ்தியன் பிராக் 1982இல் வெளிவந்த கட்டுரையில் விவரித்தது இம்மாற்றத்தையே.

மப்புக் நகர ஆயர் ஃபிலோக்ஸெனோஸ் 508ஐ ஒட்டிப் புதிய ஏற்பாட்டின் திருத்திய மொழிபெயர்ப்பொன்றைச் செய்வித்தார். பழைய சுரியானி வழக்கில் கிறிஸ்தவர்கள் தம் கோட்பாட்டை 'உடலை அணிந்தார்' என்னும் உருவகத்தால் உரைத்தனர். ஆடை உருவகம் செமித்திய மரபில் ஊறியது. ஃபிலோக்ஸெனோஸ் அதனைத் துல்லியமற்றதெனக் கண்டு, கிரேக்கச் சொல்லமைப்பை ஒத்த புதுவினையை முன்னிறுத்தினார். கோட்பாட்டின் சரி பிழை நம் ஆய்வுக்கு அப்பாற்பட்டது. மொழியளவில் நோக்கினால், ஒரு படிமம் விலகி ஒரு கலைச்சொல் அமர்ந்தது.

இப்போக்கு 616ஐ ஒட்டி, ஹிஜ்ரத்துக்குச் சில ஆண்டுகளே முன்னர், உச்சத்தை எட்டியது. அலெக்சாந்திரியாவுக்கு அருகிலிருந்த மடம் ஒன்றில் ஹர்க்கெல் ஊர் தோமா புதிய ஏற்பாட்டையும், தெல்லா ஊர் பவுல் பழைய ஏற்பாட்டின் கிரேக்க வடிவையும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தனர். கிரேக்கத்தில் உடைமைச்சொல் தனித்து நின்றால், சுரியானியில் பெயரோடு ஒட்டவேண்டிய விகுதியைப் பிரித்துத் தனிச்சொல்லாக நிறுத்தினர். ஓரக்குறிப்புகளில் கிரேக்கச் சொற்களை கிரேக்க எழுத்திலேயே வரைந்தனர். அழிந்துபோன கிரேக்கப் பிரதியை அறிஞர்கள் மீட்டெடுக்க அவை இன்று பெரிதும் உதவுகின்றன. அப்பயனை மறுப்பது நன்றியின்மை. ஆயினும் மூலத்தை அறியாதவர்க்கு அவற்றின் வாக்கியங்கள் பல இடங்களில் இடறும். சுரியானிச் சொற்கள் சுரியானி இலக்கணத்தைத் துறந்து கிரேக்கத்துக்குப் பணிபுரிகின்றன. முன்னைய கட்டத்தில் கிரேக்கச் சொல் சுரியானி வேருக்குள் வந்தது. இக்கட்டத்தில் சுரியானி வாக்கியம் கிரேக்கத்தின் அச்சுக்குள் சென்றது. முதலாவதை வளர்ச்சி என்றும் இரண்டாவதைத் தன்னிழப்பு என்றும் நாம் மதிப்பிடுகிறோம்.

எழுத்தில் நிகழ்ந்ததையும் ஒருவரி குறிக்கலாம். மேலைச் சுரியானியர் உயிரொலிகளைக் காட்டக் கிரேக்க எழுத்துகளையே சிறிதாக்கி மெய்யெழுத்தின் மேலும் கீழும் இட்டனர். கீழைச் சுரியானியர் புள்ளிகளோடு அமைந்தனர். ஒரே மொழியின் இரு கரைகள் கிரேக்கத்தை எவ்வளவு தொலைவில் வைத்தன என்பதற்கு இது கண்கூடான அடையாளம்.

தன்னிழப்பை உணர்ந்தவர்களும் அவர்களிடையே இருந்தனர். கென்னெஷ்ரே மடத்தின் ஸெவெரஸ் ஸெபோக்த் கிரேக்க தர்க்கத்தில் தோய்ந்தவர். அவரே 662இல், அறிவெல்லாம் கிரேக்கருக்கே உரியதென எண்ணுவோரைச் சாடி, இந்தியரின் ஒன்பது குறிகளால் ஆன கணக்கு முறையைச் சான்றாக எடுத்துக்காட்டினார்.

ஹுனைனும் ஸீராஃபியும்

இப்பின்னணியில்தான் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் (மறைவு கி.பி. 873) பணி முழுப்பொருள் பெறுகிறது. காலனின் 129 நூல்களைப் பற்றி அவர் எழுதிய மடல் நம்மிடம் உள்ளது. அதில், 536இல் மறைந்த ரெஷ்அய்னா ஊர் செர்கியஸின் சுரியானி மொழிபெயர்ப்புகளைத் தயக்கமின்றி எடைபோடுகிறார். எவை பயிற்சி முதிராத காலத்தவை, எவை முதிர்ந்தவை எனப் பிரிக்கிறார். பல கிரேக்கப் படிகளை ஒப்பிட்ட பின்னரே தாம் பெயர்த்ததை விவரிக்கிறார். அவர் அரபியில் ஆக்கியவற்றைவிடச் சுரியானியில் ஆக்கியவை மிகுதி என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பக்தாதின் மருத்துவர் பலர் அப்போதும் சுரியானியிலேயே கற்றனர். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது, வாக்கியத்தின் கருத்தை உள்வாங்கிப் பெயர்ப்பது என இருமுறைகளைப் பிரித்து, இரண்டாவதை ஹுனைனுக்கு உரியதாக்கியவர் 14ஆம் நூற்றாண்டின் அஸ்-ஸஃபதீ. அப்பகுப்பு சற்றே எளிமையானது. கண்ணாடி மொழிபெயர்ப்பின் இரு நூற்றாண்டு அனுபவத்தை, அதன் துல்லியத்தையும் இடறலையும் ஒருங்கே கண்டபின் எடுத்த முடிவு ஹுனைனுடையது.

திமித்ரி குத்தாஸ் 1998இல் வெளியிட்ட நூலில், அப்பாஸிய சமுதாயத்தின் தேவையே மொழிபெயர்ப்பியக்கத்தை எழுப்பியதென்றும், அதற்கு முன் சுரியானியில் பெயர்க்கப்பட்ட உலகியல் நூல்கள் குறைவென்றும் நிறுவினார். தேவை பற்றிய அவர் வாதம் வலியது. ஆனால் நூல்களின் எண்ணிக்கையால் மட்டும் ஒரு மொழியின் ஆயத்தத்தை அளக்கலாகாது. அரிஸ்டாட்டிலின் இயற்கையியல் நூல் அரபியில் 'ஸம்உல் கியான்' என்றும் வழங்கிற்று. 'கியான்' என்பது சுரியானியின் 'க்யானா'. கிரேக்கத்தின் 'இயற்கை' என்னும் கருத்தைத் தாங்கச் சுரியானி தன் சொந்தச் சொல்லையே பழக்கி வைத்திருந்தது. அரபி அதனைப் பெற்றுக்கொண்டது. இத்தகைய பழக்கம் நூற்பட்டியலில் தென்படாது.

ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தாதில் அமைச்சர் இப்னுல் ஃபுராத்தின் அவையில் நிகழ்ந்த விவாதத்தை அபூ ஹய்யான் அத்-தவ்ஹீதி பதிவு செய்துள்ளார். தர்க்கவியலாளர் அபூ பிஷ்ர் மத்தாவை நோக்கி இலக்கண அறிஞர் அபூ ஸஈத் அஸ்-ஸீராஃபி எழுப்பிய வினாக்களுள் கூரியது இது: கிரேக்கத்தை நீர் அறியீர், கிரேக்கத்திலிருந்து சுரியானிக்கும் அங்கிருந்து அரபிக்கும் பெயர்ந்த பொருள் சிதையவில்லை என்பதற்கு என்ன உறுதி? மொழிபெயர்ப்பு கருத்தைக் காத்துத் தந்துள்ளது என்பதே மத்தாவின் விடை.

இருவர் கூற்றிலும் ஒரே பிழை இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. சுரியானியை ஒரு குழாயாகவே இருவரும் கண்டனர்; கசிகிறதென்றார் ஒருவர், கசியவில்லையென்றார் மற்றவர். உண்மையில் அது, வந்த சொல்லைத் தன் வேரில் ஊன்றி, சிலபோது தன்னையே இழந்து, பின்னர் தெளிந்து மீண்ட உயிருள்ள மொழி. ஸீராஃபியின் ஐயம் நியாயமானது. மத்தாவே பெயர்த்த கவிதையியலில் கிரேக்க நாடக வகைகள் புகழ்ப்பாவாகவும் வசைப்பாவாகவும் மாறிப்போயின. ஆனால் அவ்வையத்துக்கு விடை, மொழிகள் கலவாதிருத்தல் அன்று. கலப்பில் எந்த மொழியின் இலக்கணம் ஆட்சி செய்கிறது என்று வினவுதலே விடை.

சுரியானியின் பிற்காலமும் இதனையே உணர்த்துகிறது. 1286இல் மறைந்த பார் எப்ராயா, நம் நூல்களில் இப்னுல் இப்ரீ எனப்படுபவர், தம் மொழிக்குப் பேரிலக்கணம் எழுதியபோது ஸமக்ஷரியின் 'அல்-முஃபஸ்ஸல்' நூலை முன்மாதிரியாகக் கொண்டார். ஆறாம் நூற்றாண்டில் கிரேக்க இலக்கண நூலைப் பெயர்த்துத் தன்னை ஆராய்ந்த அம்மொழி, ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் அரபியின் துணையால் தன்னை மீண்டும் ஆராய்ந்தது. கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவ ஆலயங்களில் ஓதப்படும் சுரியானிப் பகுதிகளில் 'கெர்', 'தேன்' என்னும் சிற்றிடைச்சொற்கள் இன்றும் ஒலிக்கின்றன. அவற்றை ஓதுவோர் கிரேக்கத்தை எண்ணுவதில்லை. 'நாமூஸ்' என்று உரைத்தபோது வரகாவும் எண்ணியிருக்கமாட்டார்.